வண்டியில் ஏறிய ஒலிபெருக்கி



தைப்பூசத்திற்கு முதல் நாள் பினாங்கு ஜார்ஜ் டவுனிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலையை நோக்கி வரும்போது அந்தச் சாலையில் நின்றவர்களுக்கு நாம் சொல்லப் போவது புதிதாக இராது. தண்ணீர்ப் பந்தல்களில் அடுக்கி வைத்த ஒலிபெருக்கிகளின் அதிர்வு காதில் விழுமுன் நெஞ்சில் விழும். உருமி மேளத்தின் முனகல் அடிவயிற்றைத் தொடும். அந்த அதிர்வு வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் அடிக்கடி எழுந்து அடங்குகிறது. அதற்குள் நாம் புகப் போவதில்லை. அதே அதிர்வைத் தன் பிக்கப் வண்டிக்குள் கொண்டுவர ஆசைப்பட்ட ஓர் இளைஞனின் கதையையும், அந்த ஆசைக்குப் பின்னால் இருக்கும் தொண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றையும் பேச விரும்புகிறோம்.

அந்த இளைஞன் நம்மிடம் படித்தவன். செபராங் பிறையில் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் வேலை. வண்டி தவணையில் வாங்கியது. பட்டணத்துக் கடை ஒன்றில் ஆம்பிளிஃபயரும் சப்வூஃபரும் பொருத்திக் கொண்டு, தாயாரையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு தைப்பூசத்திற்குப் புறப்பட்டான். பாதி வழியில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. நல்லவேளை, மூவரும் இறங்கிவிட்டார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றும் முன் பாதி ஒயர்கள் உருகிப் போயிருந்தன. மூன்று வாரம் வண்டி ஓடவில்லை. அந்த மூன்று வாரமும் வீட்டில் வருமானம் இல்லை, தவணைக்காரர் மட்டும் தவறாமல் வந்தார்.

"சார், எங்கே தப்பு நடந்துச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் பழைய செய்திகளையெல்லாம் புரட்டினோம்.

வண்டிக்குள் வானொலி வைப்பது தொடக்கத்தில் பெரும் தொல்லையான காரியம். 1930இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள் காருக்கென ஒரு வானொலியை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அதன் விலை நூறு டாலருக்கு மேல்; ஒரு புதிய ஃபோர்டு காரே ஐந்நூறு அறுநூறு டாலருக்குக் கிடைத்த காலம் அது. மோட்டார் என்ற சொல்லோடு ஒரு வாலை ஒட்டி அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1932இல், ஜெர்மனியில் ப்ளாபுங்க்ட் என்ற பெயரில் ஐரோப்பாவின் முதல் கார் வானொலி வந்தது. ஜெர்மன் மொழியில் நீலப்புள்ளி என்று பொருள். சோதித்துத் தேறிய கருவிகளில் நீலப் பொட்டு வைத்த பழக்கத்திலிருந்து வந்த பெயர். அந்தப் பெட்டி ஏறத்தாழ பதினைந்து கிலோ எடை. மறு ஆண்டே அந்த நிறுவனம் போஷ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மோட்டரோலா, போஷ் ஆகிய இரு பெயர்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இரண்டும் நம் ஊருக்கே வரப் போகின்றன.

அந்நாளைய வானொலியில் கண்ணாடிக் குழல் வால்வுகள் இருந்தன. அவற்றுக்கு நூறு, இருநூறு வோல்ட் வேண்டும். காரின் பேட்டரியோ ஆறு வோல்ட்தான் தரும். முதலில் தனி பேட்டரிகளைத் தரைப்பலகைக்கு அடியில் வைத்துச் சமாளித்தார்கள். பிறகு மெல்லிய உலோகத் தகடு ஒன்று நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடித்து மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்ப, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்தியது. சிறிய மின்னழுத்தத்தைத் துண்டு துண்டாக்கிப் பெரிதாக்கும் அந்தத் தந்திரம் நாற்பது ஆண்டு கழித்து வேறு உருவத்தில் திரும்பி வரும்.

பினாங்கும் இதில் பின்தங்கவில்லை. 1934இல் பினாங்கு வயர்லெஸ் சங்கத்தார் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். இந்த மண்ணில் தமிழ்க்குரல் காற்றில் ஏறிய ஆரம்ப நாள்களில் அதுவும் ஒன்று. ஆயினும் தோட்டப்புறத்து லயங்களில் இருந்தவர்களுக்கு அது எட்டியிருக்காது. ஒரு பெட்டியின் விலை பால்மரம் வெட்டுகிறவரின் பல மாதச் சம்பளம்.

தோட்டத்துக்கு ஒலிபெருக்கி வந்த விதமே வேறு. அது வண்டியின் மேல் ஏறி வந்தது. போருக்குப் பின் அரசாங்கத் தகவல் பிரிவின் வண்டிகள் கூரையில் கொம்பு வடிவ ஒலிபெருக்கிகளைத் தாங்கி ஊர் ஊராகச் சென்று படம் காட்டின, செய்தி சொல்லின. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அந்த வண்டிகளின் வேலை இன்னும் கூடியது. விமானத்தில்கூட ஒலிபெருக்கி கட்டிக் காட்டின்மேல் பறந்து அறிவிப்புச் செய்தார்கள். நம் பாட்டனார் காலத்தவர் பலருக்கு 'வண்டியில் ஒலிபெருக்கி' என்றாலே ஊரடங்கு அறிவிப்பும், திடலில் விரித்த வெள்ளைத் திரையும்தான் நினைவுக்கு வரும். தோட்ட மக்களை நோக்கிப் பேசியது அந்தக் குரல்; தோட்ட மக்கள் அதில் பேசவில்லை. இன்று ஓர் இளைஞன் தனக்குப் பிடித்த பாட்டைத் தன் வண்டியில் ஊரே கேட்கும்படி வைக்கிறான் என்றால், அதில் வெறும் கூத்து மட்டும் இல்லை என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். ஆசிரியர் ஒருவர் இப்படிச் சொல்லலாமா என்று தலைமையாசிரியர் கேட்கக்கூடும்.

1955இல் வால்வுகள் இல்லாத, முழுதும் டிரான்சிஸ்டர்களால் ஆன கார் வானொலியைப் பில்கோ நிறுவனம் கிரைஸ்லர் கார்களுக்காகச் செய்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டு வந்தது. பாட்டு இனி வானொலி நிலையத்தின் விருப்பமல்ல, நம் விருப்பம் என்ற நிலை வந்தது. 1976இல் அன்னக்கிளி படத்தின் வழியே இளையராஜா வந்தார். அவருடைய பாட்டுகளில் அடியில் ஓடும் பாஸ் கிட்டாரை, உள்ளங்கை அகலமுள்ள கார் ஒலிபெருக்கியில் யாரும் சரியாகக் கேட்டிருக்க முடியாது. பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த அதிர்வைத் தள்ள அகலமான காகிதக் கூம்பு வேண்டும், அதற்கு நிறையக் காற்று வேண்டும்.

இந்த வேளையில் பினாங்கில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1960களின் இறுதியில் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை கடுமையாக இருந்தது. முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் யூ காலத்தில், 1972இல், பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வட்டாரம் எழுந்தது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் அழைப்பார்கள். அவற்றுள் இரண்டு கார் ஒலிக்கருவியோடு தொடர்புடையவை: ஜப்பானின் கிளாரியன், ஜெர்மனியின் போஷ். ஜப்பானில் முதல் கார் வானொலியைச் செய்தது கிளாரியன்தான். ப்ளாபுங்க்ட் பெட்டிகள் போஷின் ஆலையில் உருவாகின. மோட்டரோலாவும் அந்த ஆண்டுகளில் வந்தது. ஆனால் பினாங்கில் அது செய்தது இருவழி வானொலிகளை. சிகாகோவிலும் பெர்லினிலும் பிறந்த இரண்டு பெயர்கள் நாற்பது ஆண்டு கழித்து ஒரே தீவின் ஒரே மூலையில் சந்தித்தன.

அந்த ஆலைகளில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். எங்கள் தாயாரும் திருமணத்துக்கு முன் சில ஆண்டுகள் அப்படி ஓர் ஆலையில் இருந்தார். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம். பாலம் 1985இல்தான் திறந்தது. அதற்கு முன் விடியுமுன் எழுந்து பட்டர்வொர்த் வந்து பெர்ரியில் கடந்து அங்கிருந்து ஆலைப் பேருந்து. இரவு முறையென்றால் வீடு திரும்ப வெயில் ஏறிவிடும். கார் வானொலியின் பலகையில் ஈயம் வைப்பது அவர் வேலை. அப்போது அவர் சவாரி செய்த எந்தக் காரிலும் வானொலி இல்லை. சொல்லப் போனால் காரில் சவாரி செய்ததே திருமணத்தன்றுதானாம்.

இனி அந்த இளைஞனின் வண்டிக்கு வருவோம். காரின் பேட்டரி 12 வோல்ட்; எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் சொச்சம். சாதாரண வானொலி இந்த அளவுக்கு மேல் ஒலிபெருக்கியைத் தள்ள இயலாது. நாலு ஓம் ஒலிபெருக்கியில் கணக்கிட்டால், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் சுத்தமான ஒலி இருபத்தைந்து வாட்டைத் தாண்டாது. பெட்டியில் 'ஐம்பது வாட்' என்று அச்சிட்டிருந்தால் அது கடைக்காரரின் வாட். இந்தத் தடையை உடைக்க, பேட்டரி மின்சாரத்தை முதலில் உயர்த்தி, பிறகு பெருக்க வேண்டும். 1973இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் என்பவர் இத்தகைய வலுவான கார் ஆம்பிளிஃபயரை உருவாக்கினார். துடிக்கும் உலோகத் தகடு செய்த வேலையை இப்போது டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்தன. வண்டியில் பெரிய ஒலி என்பது அங்கே தொடங்குகிறது.

பெட்டியின் கதை அதற்கு முந்தியது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், காற்று புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினால் ஆழ்ந்த ஒலி கிடைக்கும் என்று காட்டினார். 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் துளையிட்ட பெட்டிக்குக் கணக்கு எழுதினார். பிக்கப் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் அரை அடி ஆழத்துக்குள் பெட்டி அடக்குகிறவர்கள் இன்றும் இவர்கள் கணக்கில்தான் நிற்கிறார்கள்.

பிக்கப் வண்டியின் அறை சிறியது. அது குறை என்று நினைப்போம். உண்மையில் அது வரம். நொடிக்கு நாற்பது அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். அறையோ அதில் நாலில் ஒரு பங்குதான். அலை விரிந்து ஓட இடமின்றி, சைக்கிள் பம்பில் போல காற்று முழுதும் ஒன்றாக அழுந்தி விரிகிறது. அதனால் சிறு சப்வூஃபரே பெரிய அதிர்வு தரும். கண்ணாடியைத் திறந்தால் பாதி போய்விடும். நம் மாணவனுக்கு இது தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் வண்டி புகைந்தது அதனால் அல்ல. ஐந்நூறு வாட் ஆம்பிளிஃபயர் முழு வேகத்தில், இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ ஐம்பது ஆம்பியர் இழுக்கும். ஒரு முகப்பு விளக்கு ஐந்து ஆம்பியருக்குள்தான். பத்து விளக்குக்கு மேற்பட்ட மின்சாரம் ஒரே ஒயரில்! கடையில் மெல்லிய ஒயர் போட்டிருந்தார்கள். எஞ்சினுக்கும் அறைக்கும் இடையிலுள்ள தகரத்தில் துளையிட்டு, ரப்பர் வளையம் வைக்காமல் ஒயரை நுழைத்திருந்தார்கள். தோட்டத்து மண்பாதையில் குலை ஏற்றி ஓடிய வண்டி. ஒவ்வொரு குலுக்கலிலும் தகரத்தின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்தது. ஃபியூஸ் இருந்ததா? இருந்தது, ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில். அது ஆம்பிளிஃபயரைக் காக்கும். தகரத்தில் உரசித் தீப்பிடிக்கும் ஒயரைக் காக்காது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது உருகியிருக்கும், வண்டி நின்றிருக்காது. சில வெள்ளி விலையுள்ள பொருள்.

இன்னொன்றும் அவனிடம் சொன்னோம். ஆழ்ந்த ஒலிக்கு மனிதக் காது மந்தம். அதனால்தான் கை தானாகக் கூட்டிக்கொண்டே போகிறது. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள் வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். நூறு டெசிபலில் கால் மணி நேரம்தான். மூடிய பிக்கப் அறைக்குள் நூறைத் தொடுவது எளிது.

இடையில் காலமும் மாறியது. ப்ளாபுங்க்ட் பெயரைப் போஷ் 2009ஆம் ஆண்டளவில் விற்றுவிட்டது. கிளாரியன் 2019இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவான் மண்ணில் இன்று ஆலைகள் நிற்கின்றன. 2014இல் இரண்டாவது பாலம் அங்கேதான் இறங்கியது. 2023இல் போஷ் சில்லுகளைச் சோதிக்கும் நிலையம் ஒன்றையும் அங்கே திறந்தது.

வண்டியைத் திருப்பிப் பொருத்த அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தான். தடித்த ஒயர், ரப்பர் வளையம், பேட்டரி ஓரத்தில் ஃபியூஸ், சாயம் சுரண்டிய இடத்தில் எர்த் என்று எல்லாம் முடிந்தும் ஆம்பிளிஃபயர் விட்டு விட்டுத்தான் பேசியது. மூடியைக் கழற்றித் திண்ணையில் வைத்திருந்தோம். எங்கள் தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் காலுல ஈயம் பளபளன்னு இல்ல பாரு. மங்கியிருக்கு. இது ஒட்டவே இல்ல."

"பாட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாளைக்கு எத்தனை பலகை பார்த்திருப்பேன்னு நெனைக்கிற?" என்று சொல்லிவிட்டு, ஈயக்கம்பி இருக்கிறதா என்று கேட்டார்.