வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்



சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அதில் வெள்ளிதோறும் வந்த ‘ஒலியும் ஒளியும்’ உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சினிமாப் பாட்டுக்கு வாரம் அரை மணி நேரம்தான். எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி. வங்கியில் கணக்கை முடித்துவிட்டு ஓடிவருவேன். அந்த வீட்டு மாமி கூடத்தில் பாய் விரித்து வைத்திருப்பார். இளையராஜா பாட்டு வந்தால் குழந்தைகள்கூடப் பேசாது.

1982-ல் தூர்தர்ஷனுக்குக் கலர் வந்தது. சில வருடங்களில் நானும் தவணையில் ஒரு கலர் டிவி வாங்கினேன். அதோடு அந்தக் கூடத்துக்குப் போவது நின்றது. மாமி காலமானது எனக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்து.

இன்று நமக்கு வீட்டுக்கு வீடு டிவி. எதிர்வீட்டுக் கதவைக் கடைசியாக எப்போது தட்டினீர்கள்?