நாக்குதான் கூலி

முப்பது டன் எடையுள்ள கூன்முதுகுத் திமிங்கலத்தை மடக்கிக் கொன்ற பிறகு, ஓர்க்கா எனும் கொலையாளித் திமிங்கலங்களின் கூட்டம் தின்றது நாக்கையும் உதடுகளையும் மட்டுமே. மிச்ச உடலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். அந்த மிச்சத்தில்தான் மனிதருக்கு வேண்டிய எண்ணெய் இருந்தது. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் தெற்குக் கோடியில் இருக்கும் ஈடன் ஊரில், இந்த ஒரு கணக்கை நம்பியே ஒரு தொழில் பல தலைமுறை ஓடியது.

ஈடனை ஒட்டியது டூஃபோல்ட் விரிகுடா. குளிர்காலம் தொடங்கி வசந்தம் வரை, அண்டார்க்டிக் கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே போய்வரும் திமிங்கலங்கள் இந்தக் கரையோரமாகத்தான் கடந்து போகும். ஓர்க்காக்கள் அந்த வழியில் காத்திருந்தன. அவற்றை முதலில் அறிந்தவர்கள் வெள்ளையர்கள் அல்ல. பழங்குடிகளான யுவின் மக்களில் ஒரு பிரிவான தாவா இனத்தார். இறந்துபோன தங்கள் ஆட்கள் ஓர்க்காவாகத் திரும்பி வருகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓர்க்காக்கள் கரைப்பக்கம் விரட்டிக்கொண்டு வரும் திமிங்கலம் அவர்களுக்கும் விருந்துதான்.

1828இல் தாமஸ் ரெயின் என்ற கப்பல் தலைவர் இங்கே கரையோரத் திமிங்கல வேட்டையைத் தொடங்கினார். 1840களில் பெஞ்சமின் பாய்ட் என்ற பணக்காரர் வந்து, தன் பெயரிலேயே ஓர் ஊரைக் கட்டினார், சில ஆண்டுகளில் நொடித்தும் போனார். அவரிடம் வேலை பார்த்த ஓவியர் ஆஸ்வால்ட் பிரையர்லி எழுதி வைத்த நாட்குறிப்புகளில் ஓர்க்காக்களும் இருக்கின்றன, படகில் துடுப்புப் போட்ட உள்ளூர் மக்களும் இருக்கிறார்கள். பாய்டின் பணம் போன இடத்தில் நிலைத்து நின்றவர் ஒரு தச்சர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த அலெக்சாண்டர் டேவிட்சன் 1860களில் கையா ஆற்று முகத்துவாரத்தில் தன் குடும்பத் தொழிலை ஊன்றினார். பேரன் ஜார்ஜ் காலம் வரை அது நீடித்தது. பாய்ட் கலங்கரை விளக்கமாகக் கட்ட நினைத்த கல் கோபுரம் டேவிட்சன் ஆட்கள் திமிங்கலம் பார்க்கும் பரணாக மாறியது. அந்த மனிதர் ஊருக்குச் செய்த உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வேட்டை பெரும்பாலும் ஓர்க்காவின் அழைப்பில்தான் தொடங்கியது. திமிங்கலத்தை விரிகுடாவுக்குள் தள்ளியதும், ஓர்க்காக்களில் ஒன்றிரண்டு பிரிந்து ஆற்று வாய்க்கு வரும். வாலை உயர்த்தித் தண்ணீரில் ஓங்கி அறையும். நடுநிசியானாலும் அந்தச் சத்தம் கேட்டு ஆட்கள் எழுந்து படகைத் தள்ளுவார்கள். படகுக்கு முன்னால் ஓர்க்கா வழிகாட்டிக்கொண்டு போகும்.

அங்கே மற்ற ஓர்க்காக்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். சில, அடியில் நீந்தித் திமிங்கலம் ஆழத்துக்கு முங்கவிடாமல் மறிக்கும். சில, அதன் முதுகில் ஏறி விழுந்து மூச்சுத் துளையை மூடும். இன்னும் சில பக்கத் துடுப்பைக் கடித்து இழுக்கும். களைத்துப்போன விலங்கின் மேல் டேவிட்சன் ஆட்கள் கையாலேயே எறியீட்டியை வீசி, பின் நீண்ட வேலால் குத்தி முடிப்பார்கள். வேறு இடங்களில் வெடி ஈட்டியும் துப்பாக்கியும் வந்த பிறகும் இவர்கள் துடுப்புப் படகையும் கையீட்டியையும் விடவில்லை. வெடிச் சத்தம் கூட்டாளிகளை விரட்டிவிடும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம்.

செத்த திமிங்கலத்தை உடனே கரைக்கு இழுக்க மாட்டார்கள். நங்கூரமும் மிதவையும் கட்டி அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஓர்க்காக்கள் நாக்கையும் உதட்டையும் தின்று தீர்க்கும். ஓரிரு நாளில் உள்ளே வாயு நிரம்பி உடல் மேலே மிதந்து வரும். அப்போது கட்டி இழுத்து வந்து, கொழுப்பை வெட்டி, இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சுவார்கள். இந்த ஏற்பாட்டை ‘நாக்கின் சட்டம்’ என்றார்கள். பெருந்தன்மை என்று இதைப் புகழ்வதுண்டு. கூன்முதுகுத் திமிங்கலம் செத்தால் மூழ்கிவிடும், எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஓர்க்காக்களுக்குப் பெயரும் இருந்தது: ஹூக்கி, ஹம்பி, கூப்பர், டைப்பி, ஜாக்சன். முதுகுத் துடுப்பின் வடிவத்தைப் பார்த்தே அடையாளம் சொன்னார்கள். எல்லாரிலும் பேர்பெற்றது டாம். ஈட்டி பாய்ந்த திமிங்கலம் படகை இழுத்துக்கொண்டு ஓடும்போது, அந்தக் கயிற்றைத் தானும் கவ்வித் தொங்குவது அதன் வழக்கம். டாம் 1840களிலிருந்தே விரிகுடாவில் இருந்தது என்று ஊரில் சத்தியம் செய்தார்கள். பல்லின் அடுக்குகளை எண்ணிய பின்னாளைய ஆய்வு, 1930இல் சாகும்போது அதற்குச் சுமார் 35 வயது என்றது. கிழட்டு விலங்கின் தேய்ந்த பல்லில் இந்தக் கணக்கு குறைத்துக் காட்டக்கூடும். அப்படியே வைத்தாலும் தொண்ணூறு வயது நம்பும்படி இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஓர்க்காக்களின் கதை ஒரே பெயரில் சேர்ந்திருக்கலாம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஓர்க்காக்களை டேவிட்சன் குடும்பத்தின் வேட்டை நாய்கள் போலக் காட்டிவிடுகிறார்கள். அழைத்தது யார், வழிகாட்டியது யார், முதலில் தின்றது யார் என்று பார்த்தால் படம் தலைகீழாகிறது. ஈட்டி எறியத் தெரிந்த இரண்டு கால் விலங்கு, ஓர்க்காவுக்கு இரை தேடும் பாட்டைக் குறைத்தது. அவ்வளவுதான். நாக்கு மேல் அவற்றுக்குள்ள ஆசை ஈடனோடு நிற்பதும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரெமர் விரிகுடாப் பகுதியில் 2019 மார்ச்சில் ஓர்க்காக்கள் ஒரு நீலத் திமிங்கலத்தைக் கொன்றதை ஆய்வாளர்கள் நேரில் கண்டார்கள். அதற்கு உயிர் இருக்கும்போதே ஓர்க்கா வாய்க்குள் தலையை விட்டு நாக்கைத் தின்றது. அங்கே உதவிக்கு மனிதப் படகு எதுவும் இல்லை.

ஈடனில் தொழில் படுத்ததற்குப் பல காரணங்கள். உலகம் முழுக்க நடந்த வேட்டையில் திமிங்கலங்கள் குறைந்தன. மண்ணெண்ணெய் வந்து விளக்குகளைப் பிடித்துக்கொண்டது. வடக்கே ஜெர்விஸ் விரிகுடாவில் 1912 வாக்கில் நார்வேக்காரர்கள் நீராவிப் படகுகளோடு இறங்கினார்கள். ஈடன் ஓர்க்காக்களை அவர்கள் சுட்டுவிட்டதாக ஊரில் பேச்சு உண்டு. எப்படியோ, ஓர்க்காக்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. 1923இல் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் வருத்தமானது. புயல் வருகிறதென்று பயந்த லோகன் என்பவர், பிடித்த சிறு திமிங்கலத்தை டாமுக்கு விடாமல் இழுத்துக்கொண்டு போனாராம். இழுபறியில் டாமின் பற்கள் உடைந்தன.

1930 செப்டம்பர் 17 அன்று டாமின் உடல் விரிகுடாவில் மிதந்தது. நாக்கின் சட்டம் தெரிந்த ஓர்க்கா எதுவும் அதன் பிறகு அங்கே வரவில்லை. 2023இல் வெளியான ஆய்வொன்றில், ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் இசபெல்லா ரீவ்ஸ் குழு டாமின் எலும்பிலும் பல்லிலும் இருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தது. இன்றைய நியூசிலாந்து ஓர்க்காக்களோடு அதற்கு நெருக்கம் இருந்தது. நேரடி வாரிசு என்று சொல்ல இன்று வாழும் ஓர்க்கா எதுவும் ஒப்பீட்டில் கிடைக்கவில்லை.

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும் தமிழர்கள் ஈடனில் ஒரு மணி நேரம் நிறுத்தலாம். 1931இல் தொடங்கிய அருங்காட்சியகத்தில் டாமின் எலும்புக்கூடு முழுதாக இருக்கிறது. தாடையருகே நின்று தேய்ந்த பற்களைப் பாருங்கள். கயிறு அறுத்த தடமா இல்லையா என்பதை அங்கிருப்பவர்களிடம் கேட்டால், இன்றும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.