கஜா மாதிரி புயலில் போன் போனால் தகவல் எப்படிப் போகும்? ஹாம் ரேடியோ டேட்டா நெட்வொர்க் - ஒரு விளக்கம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரன்ட் போனது, டவர் பேட்டரி தீர்ந்ததும் போனும் போனது. பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் தென்னை விழுந்து ரோடும் அடைபட்டது. எந்த ஊருக்கு என்ன தேவை என்று சொல்லக்கூட வழியில்லை.

இந்த மாதிரி நேரத்தில் டவரும் இன்டர்நெட்டும் இல்லாமலேயே தகவல் அனுப்பக்கூடியது ஹாம் ரேடியோ. ஒரு கார் பேட்டரி, ஒரு வயர்லெஸ் செட், கொஞ்சம் ஒயர் போதும்.

யார் இந்த ஹாம்கள்?

மத்திய அரசின் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்கிய பொழுதுபோக்கு வயர்லெஸ்காரர்கள். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். 2004 சுனாமியின்போது, ஹாம் ஒலிபரப்புக்காக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், போர்ட் பிளேரில் இருந்து தகவல்களைப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள்.

பேசினால் போதாதா, டேட்டா எதற்கு?

இரைச்சலுக்கு நடுவே மருந்துப் பெயர்களையும் நூறு பேர் கொண்ட முகாம் பட்டியலையும் வாயால் சொல்லிப் பாருங்கள். ஒரே பெயரில் ரெண்டு மூணு ஊர் இருக்கும் டெல்டாவில் குழப்பம் நிச்சயம். எழுத்தாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. லேப்டாப்பில் அடித்ததை ஒலியாக மாற்றி வயர்லெஸ் செட் அனுப்பும். மறுமுனை லேப்டாப் அதைத் திரும்ப எழுத்தாக்கும். பிழை வந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும்.

வேகம்தான் ரொம்பக் குறைவு. பரவலாகப் பயன்படும் முறையில் நொடிக்கு 1,200 பிட். ஒரு பக்கக் கடிதம் அரை நிமிடத்தில் போய்விடும். 1 எம்.பி. போட்டோ அனுப்பினால் கிட்டத்தட்ட 2 மணி நேரம்! வெளிநாடுகளில் சில கிளப்புகள் வைஃபை ரவுட்டர்களின் மென்பொருளை மாற்றி, ஒன்றோடொன்று தானாக இணையும் வேகமான வலைப்பின்னல் அமைக்கின்றன. அதில் வீடியோவே போகும். ஆனால் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்.

டெல்டாவில் என்ன சிக்கல்?

மலை இல்லாத சமவெளி என்பதால் அலையை மறிக்க ஏதுமில்லை. அதேநேரம், ரிப்பீட்டர் வைக்க உயரமும் இல்லை. பூமியின் வளைவு காரணமாக, 20 மீட்டர் உயர ஆன்டெனாக்கள் இரண்டுக்கு இடையே வி.எச்.எஃப். அலை சுமார் 35 கி.மீ. எட்டும். தஞ்சாவூரில் இருந்து வேதாரண்யம் நேர்கோட்டிலேயே சுமார் 90 கி.மீ. ஆக மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என நடுவில் இரண்டு ஊர்களிலாவது உயரமான கட்டடத்தில் கைமாற்றிவிடும் நிலையம் வேண்டும். அது புயலுக்கு முன்பே இருக்க வேண்டும். புயல் அன்று மொட்டை மாடியில் ஏற முடியாது. அதுவும் சாய்ந்துவிட்டால், வானில் பட்டுத் திரும்பும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம், ஹாம் அலைவரிசையில் ரகசியக் குறியீட்டுக்கு அனுமதி கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் நோயாளியின் பெயரைத் தவிர்த்து, முகாம் எண், வரிசை எண்ணை அனுப்புவதே நல்லது.

லைசென்ஸ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆவதுண்டு. வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.