சிறுநீரகம்: ஒரு களஞ்சியக் கட்டுரையின் வரலாறு

நெற்களஞ்சியத்தை ஒருமுறை நிரப்பியதோடு உழவர் ஓய்ந்துவிடுவதில்லை. அறுவடைதோறும் பழைய நெல்லைப் பார்த்து, புழுத்ததைக் களைந்து, புது நெல்லைக் கொட்டுவர். அறிவுக் களஞ்சியத்திற்கும் இவ்வழக்கம் இன்றியமையாதது. மனித உடலின் உறுப்புகள் நூறாண்டுகளில் மாறிவிடுவதில்லை. அவற்றைப் பற்றிய நம் அறிவும், அவ்வறிவைச் சொல்லும் மொழியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. சிறுநீரகம் என்னும் ஓர் உறுப்பைக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன்பு ஆங் மோ கியோ பொது நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் அமர்ந்து, பழைய தமிழ் நூலொன்றைப் பார்த்துச் சிறுநீரகத்தைப் பற்றி அவள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு சிறுநீரகங்களும் முற்றிலும் பழுதுற்றால் உயிர் பிழைக்க வழியில்லை என்னும் கருத்து அந்நூலில் இருந்தது. அவ்வரியில் விரலை வைத்துக்கொண்டு, "ஐயா, என் பாட்டிக்கு இரண்டுமே வேலை செய்யவில்லை. வாரத்திற்கு மூன்று முறை சுத்திகரிப்புக்குப் போய் வருகிறார். ஏழு ஆண்டுகளாக நன்றாகத்தான் இருக்கிறார். இதை நான் எழுதலாமா?" என்று கேட்டாள். நான் உடனே விடை கூறவில்லை. பிழையான நூல் என்று அதை ஒதுக்க மனம் வரவில்லை. எழுதப்பட்ட நாளில் அது மெய்யே. பின் எந்த நாளில் அது மெய்யாக இல்லாமற் போயிற்று? இவ்வினாவே வரலாற்றை நோக்கி என்னைச் செலுத்தியது.

யாழ்ப்பாணத்தில் இட்ட வித்து

மேலை மருத்துவ முறைப்படி மனித உறுப்புகளைத் தமிழில் விரித்துரைக்கும் பெருமுயற்சி யாழ்ப்பாணத்தில் தோன்றியது. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நிறுவி இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த கல்வியை 1864-ஆம் ஆண்டளவில் தமிழுக்கு மாற்றினார். அதற்கு வேண்டிய நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு மொழிபெயர்த்தார். 'இரண வைத்தியம்' 1867-லும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-லும் வெளிவந்தன. 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884-இல் மறையும்வரை அவர் தமிழ்ப்பணியைக் கைவிடவில்லை.

கிறீன் தமிழ் மக்கள் வழங்கும் சொற்களையும் வடசொற்களையும் தேடித் தொகுத்தார்; கிடைக்காதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தந்தார்; கலைச்சொற் பட்டியல்களும் வெளியிட்டார். இன்று அந்நடை நமக்குக் கடினமாகத் தோன்றலாம். ஆயினும், தமிழில் உடற்கூற்றியல் கற்று ஒருவர் மருத்துவராக முடியும் என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் மெய்ப்பித்தார் என்பதை மறத்தலாகாது.

சொல்லின் வளர்ச்சி

நாம் பேசும் உறுப்புக்கு மக்கள் வழக்கில் குண்டிக்காய், மூத்திரக்காய் என்னும் பெயர்கள் இருந்தன. இன்றும் முதியோர் சிலர் வாயில் இவற்றைக் கேட்கலாம். 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் தொடங்கிய கலைச்சொல் முயற்சியும், 1930-களில் தமிழறிஞர் கூடி நடத்திய சொல்லாக்கப் பணியும் அறிவியற் சொற்களைச் சீர்ப்படுத்த வழிகோலின. காலப்போக்கில் 'சிறுநீரகம்' என்னும் சொல் பாடநூல்களில் நிலைபெற்றது. வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் கூச்சமின்றிச் சொல்லத்தக்க நல்ல சொல் இது.

எனினும், பெயரே பொருளைக் குறுக்கிவிடுவதும் உண்டு. சிறுநீர் உண்டாகும் இடம் என்று மட்டுமே மாணவர் எண்ணிவிடுகின்றனர். குருதியழுத்தத்தைச் சீராக்குவதிலும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் இயக்குநீரைச் சுரப்பதிலும், வைட்டமின் டியைச் செயல்படும் வடிவிற்கு மாற்றுவதிலும் இவ்வுறுப்புக்குப் பங்குண்டு. இதனாலன்றோ சிறுநீரக நோயாளிகளுக்குச் சோகையும் எலும்பு நலிவும் உண்டாகின்றன! 'கழிவுறுப்பு' என்ற தலைப்பின்கீழ் மட்டும் எழுதப்பட்ட கட்டுரை இவ்வுண்மைக்கு இடந்தராது.

களஞ்சியமும் காலமும்

தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946-இல் நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால், பெரியசாமித் தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு தமிழில் முதல் கலைக்களஞ்சியம் உருவாயிற்று. முதல் தொகுதி 1954-இலும் ஒன்பதாம் தொகுதி 1963-இலும் வெளிவந்தன. பல துறை அறிஞர்கள் எழுத, பதிப்பாசிரியர்கள் சொல்லை ஒருமைப்படுத்தி, செய்தியைச் சரிபார்த்து அச்சேற்றிய அருஞ்செயல் அது.

இந்த ஆண்டுகளைச் சிறுநீரக மருத்துவ வரலாற்றோடு ஒப்புநோக்கினால் வியப்பு மேலிடும். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்பார் போர்க்கால நெருக்கடியில் செயற்கைச் சிறுநீரகப் பொறியை அமைத்தது 1943-இல். தமிழ்க் களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்த அதே 1954-ஆம் ஆண்டின் டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே குழுவினர் ஓர் இரட்டையரின் சிறுநீரகத்தை அவருடன் பிறந்தவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். 1960-இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் குருதிக்குழாயில் நிலையாகப் பொருத்தும் இணைப்புக் குழாயை உருவாக்கிய பின்னரே ஒருவருக்கு மீண்டும் மீண்டும் சுத்திகரிப்புச் செய்து ஆண்டுக்கணக்கில் வாழவைக்க வழி பிறந்தது.

இதனால் அறியத்தக்கது யாது? ஒன்பது தொகுதிகளும் அச்சேறி முடிவதற்குள் ஓர் உறுப்பின் மருத்துவமே தலைகீழாய் மாறிவிட்டது. மிகுந்த கவனத்தோடு எழுதிய ஆசிரியரும் அச்சு உலரும் முன்பே பின்தங்கிவிடக்கூடும். இஃது அவர் குற்றமன்று. களஞ்சியத்தாரும் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1968-இல் வெளிவந்த பத்தாம் தொகுதியாகிய இணைப்புத் தொகுதியே சான்று. முடிந்த பணியை முடியாததென ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அதில் விளங்குகிறது.

சிங்கப்பூரில்

நம் நாட்டில் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் 1969-இல் தோன்றியது. முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1970-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் ஊட்ரம் சாலைப் பொது மருத்துவமனையில் நடைபெற்றது. 1987-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறியது. விபத்தில் மூளைச்சாவு எய்தியவர், தாம் வாழும்போதே மறுப்புத் தெரிவித்திராவிடில், அவருடைய சிறுநீரகங்களைப் பிறர்க்குப் பொருத்த அது வகைசெய்தது. 2004-இல் கல்லீரல், இதயம், கருவிழிப்படலம் ஆகியவற்றுக்கும், விபத்தல்லாத பிற இறப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. தொடக்கத்தில் சட்டத்தில் அடங்காதிருந்த முஸ்லிம்கள் 2008-இல் சேர்க்கப்பட்டனர்.

ஆகவே, சிறுநீரகத்தைப் பற்றிய கட்டுரை இங்கே தேர்வுக்குரிய செய்தி மட்டுமன்று. இந்நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவே தலையாய காரணம். இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதும் நாம் அறிந்ததே. மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியதைப் பேத்தி தமிழில் பாட்டிக்கு விளக்கவேண்டிய வீடுகள் பல. அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பழைய நூலொன்று "வழியில்லை" என்று சொன்னால், அது பாட்டியின் நெஞ்சுறுதியையும் குலைத்துவிடுமன்றோ?

திருத்தும் முறை

அம்மாணவியின் வகுப்பிலேயே அக்கட்டுரையைத் திருத்தி எழுத முனைந்தோம். முதலில், மாறாத செய்திகளைத் தனியே எழுதினோம்: விலாவின்கீழ் முதுகுப்புறம் அமைந்த இணையுறுப்பு, கல்லீரல் மேலே இருப்பதால் வலப்புறத்தது சற்றே தாழ்ந்திருக்கும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் பெரும்பகுதியை உடலுக்கே மீட்டுத்தந்து, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றும். பின்னர், எண்களை ஆராய்ந்தோம். ஒவ்வொன்றிலும் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன என்பது பாடநூல் வழக்கு; அஃது ஒரு சராசரியே என்றும், ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும் என்றும் சேர்த்தோம். நோயும் மருத்துவமும் பற்றிய பகுதியில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆண்டைக் குறித்தோம். பழைய சொற்களை நீக்காது, 'குண்டிக்காய் என்றும் வழங்குவர்' என்று ஒரு வரி எழுதினோம், பாட்டியார் படிக்கவேண்டுமல்லவா!

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இப்பணிக்குப் புதிய வாயில்களைத் திறந்துள்ளன. அடுத்த தொகுதி அச்சாகும்வரை காத்திருக்கவேண்டிய நிலை நீங்கிவிட்டது. ஆனால் கருவி எளிதாயிற்று என்பதற்காகக் கடமை குறைந்துவிடவில்லை. எழுதியதைச் சரிபார்க்கும் பொறுமையும், முன்னோர் உழைப்பை இகழாது திருத்தும் பண்பும் நமக்கு வேண்டும். தமிழாசிரியர்கள் தம் வகுப்பில் ஆண்டுக்கு ஒரு கட்டுரையையேனும் மாணவரோடு அமர்ந்து இவ்வாறு மறுபார்வை செய்தல் நன்று.

அம்மாணவி தன் கட்டுரையைப் பாட்டிக்குப் படித்துக்காட்டினாள். சுத்திகரிப்பு என்னும் பகுதி வந்ததும் பாட்டியார் இடைமறித்து, ஊசி குத்தும் கையில் பாரம் தூக்கலாகாது என்பதையும் எழுதச் சொன்னாராம். அவ்வரியையும் சேர்த்துக்கொண்டோம்.