மருந்தைத் தாங்கும் கல்லீரல்: சென்னை ஆய்வின் எல்லை

சென்னையில் 1956-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற காசநோய் ரசாயன சிகிச்சை நிலையம், சானடோரியத்தில் ஓய்வும் புஷ்டியான ஆகாரமும் பெற்ற நோயாளிகளையும், நெரிசலான வீடுகளில் அரைவயிற்றோடு அதே மருந்துகளை உட்கொண்டவர்களையும் ஓராண்டுக் காலம் ஒப்பிட்டு, முன்னவருள் நூற்றுக்கு 92 பேருக்கும் பின்னவருள் 86 பேருக்கும் நோய் தணிந்தது என 1959-இல் வெளியிட்ட முடிவு, வீட்டுச் சிகிச்சைக்கு உலகெங்கும் வழி திறந்தது. ஆகாரம் இரண்டாம்பட்சமே என்னும் அபிப்பிராயமும் அதனோடு வேரூன்றிவிட்டது. அவ்வாய்வு அளந்தது கிருமியின் மறைவை. கல்லீரலின் கதிக்கு அதைச் சாட்சியாக அழைப்பது பொருந்தாது என்பதே என் வாதம்.

ஐஸோநயாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே கிருமி அடங்காதபோது பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறோம்; கல்லீரலின் சுமை பெருகுவது இந்நோயின் சிகிச்சையில்தான். அவ்வெதிர்ப்பில் ஒரு விந்தை உண்டு. ஐஸோநயாசிடுக்கு வீரியம் ஊட்டுவது கிருமியின் சொந்தக் கேட்டலேஸ் நொதியே ஆதலால், பல கிருமிகள் பிராணவாயுவின் உக்கிரத்திலிருந்து தம்மைக் காக்கும் அந்தக் கவசத்தையே பழுதாக்கிக்கொண்டு மருந்துக்குத் தப்புகின்றன. மனிதக் கல்லீரலுக்கு அத்தகைய உபாயம் கிடையாது. பைரசினமைடு, எத்தியோனமைடு, உயர் அளவு ஐஸோநயாசிட் என்று மாதக்கணக்கில் வந்திறங்கும் ஔஷதங்களைச் சிதைக்கையில் பிறக்கும் தீவிர மூலக்கூறுகளை அது குளூட்டாதயோனைச் செலவிட்டே அடக்கவேண்டும்; குளூட்டாதயோனோ புரதம் தரும் அமினோ அமிலங்களிலிருந்து நாள்தோறும் புதிதாக உண்டாகவேண்டியது. ஐஸோநயாசிடின் எச்சத்தை நஞ்சாக்கும் நொதியை மது பெருக்குவதால், குடிப்பவரிடம் செலவு கூடுகிறது. ஊண் குறைந்தவரிடம் வரவு குறைகிறது.

முல்லைப் பெரியாற்று நீரில் நெல் விளையும் மார்க்கையன்கோட்டையில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நாற்று நட்டுப் பிழைக்கும் ஒருவர் நோயால் வேலையிழந்தால், தட்டில் சோறு நிற்க, முதலில் மறைவது முட்டையும் பருப்புமே. 2024 நவம்பரில் மாதம் 500-லிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்ட மத்திய அரசின் போஷாக்கு உதவியை ஆகவே மருந்துச்சீட்டின் ஒரு வரியாகவே நான் கொள்வேன். பிராணவாயுவின் உக்கிரத்தைத் தணிக்க விட்டமின் மாத்திரைகளை அள்ளித் தந்தால் போதும் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. கிருமியை விழுங்கிய வெள்ளணுக்கள் அதைக் கொல்ல ஏவும் கணைகளுள் ஒன்று அதே பிராணவாயுவே அன்றோ!

2024-இல் இந்தியா அங்கீகரித்த ஆறுமாத நான்மருந்து முறையிலும் பெடாகுயிலின், பிரிட்டோமானிட் இரண்டும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவையே. அறிகுறியோடு இரத்தத்தில் கல்லீரல் நொதியின் அளவு இயல்பின் உச்சத்தைப்போல் மும்மடங்கும், அறிகுறியின்றி ஐம்மடங்கும் கடந்தால் மருந்தை நிறுத்துவது வழக்கம். ஆனால் அறிகுறியை முதலில் காண்பவர் நோயாளி; சிறுநீர் மஞ்சளாகிச் சோறு குமட்டினால், அவர் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுமுன் வரப்பில் கீழாநெல்லி பறிப்பார். அதைக் கண்டிக்கிற மருத்துவரிடம் அவர் மறுமுறை வாய் திறக்கமாட்டார்; "கீழாநெல்லி எப்போது சாப்பிட ஆரம்பித்தீர்கள்?" என்று இதமாகக் கேட்பவருக்கோ, மாதாந்தர இரத்தப் பரிசோதனை காட்டத் தவறிய தேதி கிடைத்துவிடும்.