நெல்லைக் காத்த மருந்தும் தண்ணீரின் கணக்கும்

ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிற நம்மில் பலருக்கும், தொலைபேசியில் ஊர்ப்பேச்சு வந்தாலே இந்தப் புலம்பலும் கூடவே வரும். "களை எடுக்க ஆளே கிடைக்கலை. மருந்தை மணல்ல கலந்து வீசியாச்சு." இந்த மருந்தின் வரலாறு என்ன என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வணிகவியல் படித்தவன் வேதியியலில் மூக்கை நுழைப்பதைப் பொறுத்தருள்க.

வயலில் தண்ணீர் கட்டுவதே பாதி களையை அடக்கத்தான். ஆனால் தண்ணீருக்கே பழகிய கோரை, ஆராக்கீரை, குதிரைவாலிப் புல் எல்லாம் அதையும் மீறி வரும். இதில் குதிரைவாலிப் புல் நெல்லுக்குப் பங்காளி. சின்னதாக இருக்கும்போது நாற்றோடு நாற்றாக நின்று ஏமாற்றிவிடும். பங்காளியைக் கொன்று நெல்லை விட்டுவைக்கும் மருந்து வேண்டும். அதற்குத்தான் 'தேர்திறன் களைக்கொல்லி' என்று பெயர்.

சோதிக்கும் முறை எளிமையானது. வயலைச் சிறு பாத்திகளாகப் பிரிப்பார்கள். ஒன்றில் களையே எடுப்பதில்லை. ஒன்றில் இரண்டு முறை கைக்களை. மற்றவற்றில் மருந்து, வெவ்வேறு அளவுகளில். பிறகு சட்டம் போட்டுக் களைகளை எண்ணி, காயவைத்து எடை போட்டு, கடைசியில் நெல் மகசூலை ஒப்பிடுவார்கள். இந்தியாவில் இந்த ஆராய்ச்சிகளை ஒருங்கிணைக்கும் திட்டம் 1978-ல் தொடங்கியது. களை ஆராய்ச்சிக்கென்றே ஜபல்பூரில் 1989-ல் ஒரு தேசிய மையமும் வந்தது.

நமக்கு முன்பே இந்தப் பாதையில் வேகமாகப் போனது ஜப்பான். 1949-ல் அங்கே கால் ஏக்கர் நெல்லுக்குக் களையெடுக்க மட்டும் சுமார் 50 மணி நேரம் ஆனது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 25 ஆள் வேலை. குனிந்த முதுகு நிமிராத வேலை. 1950-ல் 2,4-டி வந்தது. அகன்ற இலைக் களைகளும் கோரையும் செத்தன. புல்லை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

புல்லுக்கென்று 1950-களின் பிற்பகுதியில் வந்தது பிசிபி எனப்படும் பென்டாகுளோரோஃபீனால். மருந்து மண்ணின் மேல்பரப்பில் படலமாகத் தங்கும். முளைத்து வரும் களை அதில் சிக்கிச் சாகும். நட்ட நாற்றின் வேர் அதற்குக் கீழே இருப்பதால் நெல் தப்பிக்கும். பாத்திச் சோதனையில் முதல் வகுப்பில் தேறிய மருந்து.

1962 கோடையில் பெருமழை பெய்தது. அப்போதுதான் வயல்களில் போட்டிருந்த பிசிபியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் அரியாக்கே கடலிலும் பிவா ஏரியிலும் சேர்த்தது. மீன்களும் சிப்பிகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மீனவர் பிழைப்பு போயிற்று. அடுத்த ஆண்டே பூச்சிமருந்துச் சட்டத்தைத் திருத்தி, மீன்வளத்துக்கு வரும் தீங்கையும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

பிசிபிக்குப் பதிலாக, மீனுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாத சிஎன்பி 1965-ல் வந்தது. அதற்கும் 1994-ல் முற்றுப்புள்ளி விழுந்தது. குடிநீரில் அது கலந்ததற்கும் பித்தப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம்தான் காரணம். பிறகு யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிகுடா, ஏரிச் சேற்றை ஆராய்ந்தபோது, அதிலிருந்த டையாக்சின் நஞ்சில் பெரும்பங்கு இந்த இரண்டு மருந்துகளிலும் கலப்படமாக இருந்ததே என்று தெரிந்தது.

கலிபோர்னியாவிலும் இதே பாடம்தான். 1980-களின் தொடக்கத்தில் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் வடிகால்களில் மோலினேட் என்ற மருந்தால் கெண்டை மீன்கள் செத்தன. தயோபென்கார்ப் கலந்த ஆற்று நீர் நகரக் குழாய்களில் கசந்தது. அங்கே கண்ட தீர்வு வெகு சாதாரணம்: மருந்து போட்டபின் தண்ணீரை வயலிலேயே நிறுத்து, வீரியம் அடங்கியபின் திறந்து விடு. இந்தக் கெடுவைப் படிப்படியாகக் கூட்டி நான்கு வாரம் வரை கொண்டுபோனார்கள். ஆற்றில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்தது.

களைக்கொல்லியே வேண்டாம் என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம். 1990-களின் இறுதியில் ஜப்பானில் அந்த 50 மணி நேரம் சுமார் 2 மணி நேரமாகிவிட்டது. எத்தனை முதுகுகள் நிமிர்ந்திருக்கும்! அதை வரவில் எழுதத்தான் வேண்டும். ஆனால் பாத்திக்குள் நெல்லையும் களையையும் மட்டும் எண்ணிய சோதனை, ஒரு பக்கம் மட்டும் எழுதிய ஐந்தொகை. மடை தாண்டிப் போகும் தண்ணீர் அதில் வரவில்லை. அந்தப் பற்றை மீனவரும், குழாயில் தண்ணீர் பிடித்தவரும் கட்டினார்கள்.

நம் ஊர் வேளாண்மைப் பரிந்துரையிலும், பூட்டாகுளோர் போன்ற மருந்தை வீசியபின் இரண்டு நாளுக்குத் தண்ணீரை வடிக்காதே, புதுத் தண்ணீரும் பாய்ச்சாதே என்றிருக்கிறது. மருந்து வேலை செய்வதற்காகச் சொன்னது. கீழே இருக்கும் குளத்துக்கும் அது நல்லதுதான். அடுத்த முறை குத்தகைக்காரரிடம் பேசும்போது மகசூலை விசாரிப்பதோடு இதையும் கேளுங்கள்: "மருந்து போட்டப்புறம் மடையை எத்தனை நாள் அடைச்சு வெச்சீங்க?" நிலம் நம் பேரில் இருக்கும்போது, அதிலிருந்து வடியும் தண்ணீரும் நம் கணக்குதான்.