ஏட்டில் இல்லாத நோய்க்கு மருந்து



ஒரு மருந்து இன்ன நோய்க்கு ஏற்றதென்று அரசு அனுமதி வழங்குகிறது. வைத்தியரோ, தம் அனுபவத்தையும் ஆராய்ச்சி ஏடுகளையும் துணைக்கொண்டு, அதனை வேறொரு நோய்க்கும் கொடுப்பதுண்டு. அவ்வாறு கொடுத்தால் அதன் விலையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டுமா? ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அதன் வரலாற்றின் பெரும்பகுதியைத் தாலிடோமைட் என்னும் ஒரே மருந்தின் கதையாகவே சொல்லிவிடலாம்.

1957ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் நித்திரை தரும் மருந்தாக இது விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் பலர் இதனை உட்கொண்டனர். விளைவோ கொடியது, பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைவுற்றுப் பிறந்தன. 1961 நவம்பரில் ஜேர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் இது விற்பனைக்கு வராது தடுத்தவர், உணவு மருந்து நிருவாகத்திற் பணிபுரிந்த பிரான்சிஸ் கெல்சி அம்மையார். 1960 செப்டெம்பரில் வந்த விண்ணப்பத்துக்குப் போதிய சான்று தருக என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்டார். அவ்வளவே அவர் செய்தது, அதுவே போதுமாயிற்று.

இப்பேரிடரின் பயனாக எழுந்த சட்டத்தில் 1962 ஒக்டோபர் 10ஆம் நாள் கென்னடி ஒப்பமிட்டார். 1938ஆம் ஆண்டுச் சட்டம் மருந்து தீங்கற்றது என்பதற்கே சான்று கேட்டது. புதிய சட்டமோ, குறித்த நோயை அது தீர்க்கவல்லது என்பதற்கும் சான்று கேட்டது. ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் அனுமதிக்கப்பட்ட நோய்களின் பட்டியலொன்று உறுதிபெற்றது. அப்பட்டியல் உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தியதேயன்றி வைத்தியரைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் காப்புறுதி நிறுவனங்கள் அதனைத் தமக்கேற்ற வேலியாக்கிக்கொண்டன. பட்டியலில் இல்லாத சிகிச்சை பரிசோதனையே என்று கூறிப் பணந்தர மறுத்தன. பாடத்திட்டத்தை எழுதியவர் வேறெதனையும் கற்பிக்கலாகாதென்று சொல்லாதிருக்க, பரீட்சகர் அவ்வாறு வாசித்துவிடுவதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

இம்மறுப்பினால் மிகுந்த இடருற்றோர் புற்றுநோயாளர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட மருந்துகளில் மூன்றிலொரு பங்கு பட்டியலுக்குப் புறம்பான பயன்பாடே என்று அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 1991இல் அறிவித்தது. 1993இல் காங்கிரஸ் வழியொன்று கண்டது. மருந்தியல் நிபுணர் தொகுத்த குறித்த சில கையேடுகள் ஒரு பயன்பாட்டை ஏற்குமாயின், முதியோர்க்கான மெடிக்கெயார் காப்புறுதி புற்றுநோய் மருந்துக்குப் பணந்தர வேண்டும் என்பதே அது. பல மாநிலங்களும் தனியார் காப்புறுதிக்கு இதையொத்த விதிகளை வகுத்தன.

இனித் தாலிடோமைட்டுக்கு மீள்வோம். 1964இல் எருசலேமில் யாக்கோபு செஸ்கின் என்னும் வைத்தியர், தொழுநோயின் வேதனையால் உறக்கமிழந்த ஒருவருக்கு உறக்கத்துக்காகவே இதனைக் கொடுத்தார். உறக்கம் வந்தது, தோலிற் தோன்றியிருந்த கொப்புளங்களும் வேதனையும் தணிந்தன! 1998இல் அமெரிக்க அரசு, கடுங்காவலுடன், அத்தொழுநோய்ச் சிக்கலுக்கு மாத்திரம் இதனை அனுமதித்தது. மறுவருடமே, வேறு சிகிச்சைக்கு இணங்காத மைலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றுநோயாளர் 84 பேரில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு இது பயன்பட்டதென்று ஆர்கன்சாஸ் வைத்தியர்கள் வெளியிட்டனர். அந்நோய்க்கு அரசின் அனுமதி கிடைத்ததோ 2006இல். எந்த மருந்தின் கேட்டினாற் பட்டியல் இறுகியதோ, அம்மருந்தே ஏழாண்டுகள் பட்டியலுக்கு வெளியே நின்று உயிர்களைக் காத்தது.

காப்புறுதியாளரின் தயக்கத்தை வெறும் பேராசையென்று நான் கொள்ளேன். சான்று கேட்டதனாலன்றோ கெல்சி அம்மையார் குழந்தைகளைக் காத்தார்? எனினும் சான்று திரட்டுவதற்குப் போதிய நோயாளரே இல்லாத அரிய நோய்கள் உள. 2006இல் நடைமுறைக்கு வந்த மெடிக்கெயார் மருந்துத் திட்டமும் கையேடுகளையே அளவுகோலாகக் கொண்டது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் புற்றுநோய்க்கு மாத்திரம் ஆராய்ச்சி ஏடுகளையும் சான்றாக ஏற்க வழிசெய்தது. ஏனைய அரிய நோயுற்றோர், தம் வைத்தியர் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் வைத்திருப்பினும், கையேட்டில் அந்நோயின் பெயர் இல்லையாயின் முழு விலையையும் தாமே கொடுத்து வாங்க வேண்டியவராகவே இன்றும் இருக்கின்றனர்.